நெத்திலிக்கு ஒரு பாலிசி

கருவாட்டை எத்தனை தாளில் சுற்றினாலும் அது கருவாடாகவே மணந்தது. ஹெலனுக்கு அழுகை வந்தது. கோவளத்தில் பத்து வருடமாகக் கருவாடு போடுகிறவள் துணிந்து ஆன்லைனில் திறந்த கடைக்கு வந்த முதல் ஆர்டர் இது. இது கெட்டால் கடையே கெட்டது என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஆர்டர் திருப்போரூர் சுப்பிரமணியுடையது. அரைக் கிலோ நெத்திலி. கீழே ஒரு குறிப்பு: 'கவுச்சியை விட்டு மூன்று வருடமான வீடு. மனைவிக்குத் தெரிந்தால் தொலைந்தேன். காலை பத்து மணிக்குக் கொடுக்கவும், கோயிலுக்குப் போயிருப்பாள். உங்கள் பிரைவசி பாலிசியை நம்பித்தான் கேட்கிறேன்.'

அந்தப் பாலிசியால்தான் வினையே. பாலிசி இல்லாத கடைக்கு ஆன்லைனில் பணம் வாங்கித் தர மாட்டோம் என்று பேமென்ட் கம்பெனி சொல்லிவிட, தம்பி ஆல்வின் எங்கிருந்தோ ஒன்றைச் சுட்டு ஒட்டியிருந்தான். ஹெலன் இப்போதுதான் அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். வாங்கியவர் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டோமாம். பொட்டலத்துக்குள் இருப்பது வெளியே யாருக்கும் தெரியாதாம்.

"எந்தக் கடையில சுட்ட?"

"ஜட்டி விக்கிற கடையிலக்கா."

"புது ஜட்டி நாறாதுடா. நெத்திலி?"

அதற்குப் பாலிசியில் பதில் இல்லை. உணவுப் பொருளென்றால் பெயர், எடை, தேதி எல்லாம் ஒட்டியே ஆகவேண்டும், அது சட்டம் என்று மட்டும் ஆல்வின் ஞாபகப்படுத்தினான். சட்டத்துக்காக லேபிளை ஒட்டியவள், பாலிசிக்காக அதன்மேல் இன்னொரு தாளைச் சுற்றினாள். உள்ளே என்ன என்று கூரியர்காரர் கேட்டார். சொல்லக் கூடாது என்றாள். அவர் மோந்து பார்த்துவிட்டு, சொல்லவே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வாடை போகட்டும் என்று சாம்பிராணி காட்டினாள். இப்போது சாமி ரூமில் கருவாடு வறுத்த மாதிரி இருந்தது.

வேறு வழியில்லாமல் தானே பஸ் ஏறினாள். பக்கத்து சீட்டுக்காரர் இரண்டாவது ஸ்டாப்பிலேயே எழுந்து நின்றுகொண்டார். சாம்பிராணி போட்ட நேரத்தில் ஒரு பஸ்ஸை விட்டதால், வீட்டைக் கண்டுபிடிக்கப் பதினொன்று ஆகிவிட்டது. கதவைத் திறந்தது மனைவி ரேணுகா. கோயிலுக்குப் போய்த் திரும்பியிருந்தாள், நெற்றி நிறைய விபூதி.

"இன்னா பார்சலு?"

"சொல்லக் கூடாதும்மா."

"யாருக்கு?"

"அதுவும் சொல்லக் கூடாது. எங்க பாலிசி." ஹெலனுக்குப் பொய் சொல்ல வராது.

உள்ளேயிருந்து சுப்பிரமணி ஓடி வந்தார். "இன்சூரன்சு பாலிசி, ரேணு. நாந்தான் கொண்டாரச் சொன்னேன்."

"பேப்பரு ஏன் இப்டி நாறுது?"

"கோவளத்து ஆபீசு. கடலாண்ட கீது இல்ல?"

பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு அவர் தோட்டத்துப் பக்கம் மறைந்தார். ஹெலனுக்குப் போன உயிர் வந்தது. முதல் ஆர்டர் தப்பித்தது, பாலிசியும் தப்பித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவளின் கையை ரேணுகா பிடித்தாள். வந்த உயிர் மறுபடியும் போனது.

ரேணுகா தோட்டத்துப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எம் பேர்லயும் ஒரு அரைக் கிலோ பாலிசி போடு. அவருக்குத் தெரிய வேணாம்."