ஒரு மாத இலவச மாமனார்

இணையத்தில் தன்னை எவராலும் ஏமாற்ற முடியாது என்பதில் டெஸ்மண்டுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. வலைத்தளம் கட்டுவதுதான் அவனுக்குச் சோறு போடும் தொழில். 'குக்கீ வைத்துக்கொள்ளட்டுமா?' என்று ஒரு பக்கம் பல்லிளித்துக் கேட்டால் ஊர் உலகமெல்லாம் 'சரி'யை அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். டெஸ்மண்ட் போகமாட்டான். சாம்பல் நிறத்தில், எறும்பளவு எழுத்தில் ஒளித்து வைத்திருக்கும் 'வேண்டாம்' எங்கே என்று தேடிப்பிடித்து அழுத்திவிட்டுத்தான் மறுவேலை. விதிமுறைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுச் சம்மதிக்கும் ஒரே ஆள் இந்தப் பினாங்குத் தீவில் தான் ஒருவன்தான் என்று சொல்லிக்கொள்வான். கெலுகோரில் அவன் குடியிருந்த தெருவில் யாரும் அதை மறுத்ததில்லை. யாரும் அவனைக் கேட்டதும் இல்லை.

கேட்க விதிக்கப்பட்டவள் மனைவி ஜூலியானா. அவள் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் வேலை பார்க்கிறாள். கன்னம் வீங்கி வருகிறவர்களையே சிரித்த முகத்தோடு ஒன்றரை மணி நேரம் உட்கார வைக்கிறவளுக்குக் கணவனின் பேச்சு ஒரு பொருட்டா? தினமும் சாப்பாட்டு மேசையில் அவன் இணையத்தின் சீரழிவைப் பற்றிப் பேசுவான். ரெண்டு பத்திச் செய்தியைப் படிக்க ஒரு லாரி பாரத்தை இறக்க வேண்டியிருக்கிறது என்பான். நாலு வரியும் ஒரு படமும் போதும், அதற்கு எதற்கு இத்தனை ஆட்டம் பாட்டம் என்பான். அவள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே தலையாட்டுவாள்.

அந்தச் சமயம் பார்த்து அவன் கம்பெனிக்கு ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்தார். மாதாமாதம் சத்து மாத்திரை அனுப்பும் வியாபாரம். முதல் மாதம் இலவசம்; நிறுத்தாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து காசு. அதற்கான பக்கங்களைக் கட்டும் பொறுப்பு டெஸ்மண்டின் தலையில் விழுந்தது. அவன் மனசாட்சி கொதித்தது. சம்பள நாள் வருவதால் கொதிப்பைச் சாப்பாட்டு மேசைக்கு எடுத்து வந்தான்.

"சேர்றதுக்கு ஒரே ஒரு பட்டன், ஜூலி. வெளிய போகணும்னா? மொதல்ல ஏன் போறீங்கன்னு கேப்பான். அப்புறம், போனா என்னென்ன இல்லாம போயிடும்னு அடுக்குவான். அதையும் தாண்டுனா, ஆபீஸ் நேரத்துல போன் பண்ணுங்கன்னுவான். அதுக்குள்ள அடுத்த மாசம் பொறந்துடும்."

"ஐயோ பாவம். ஜனங்க ஏமாந்துடுவாங்களா?" என்றாள் ஜூலியானா.

"எல்லாரும் என்ன மாதிரி இருக்க முடியுமா?"

அவள் அவன் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

இங்கே டெஸ்மண்டின் பின்னறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் அந்த அறை அவனுக்கு ராஜ்ஜியம் ஆகிவிட்டது. இரண்டு திரைகள், பல மாத ஆராய்ச்சிக்குப் பின் வாங்கிய ஒரு நாற்காலி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கதவு. மனைவி, மகள் ஷார்லின், இவர்களுக்கு அடுத்தபடி உலகத்தில் அவன் மிக நேசித்தது அந்தக் கதவைத்தான். சாத்தினால் சத்தம் வராது. உள்ளே தாழ்ப்பாள் உண்டு.

ஒரு புதன்கிழமை, தாழ்ப்பாள் போட மறந்து, காதில் ஹெட்போனோடு அவன் அந்த மாத்திரைக்காரர்களிடம் இணையவழிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். ஜூலியானா கதவைத் திறந்து வாயசைத்தாள். அவன் தலையாட்டினான். அவள் இன்னும் கொஞ்சம் வாயசைத்தாள். அவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, போ என்று கண்ணால் கெஞ்சினான். அவள் போய்விட்டாள். தொல்லை விட்டது என்று அவன் கூட்டத்துக்குத் திரும்பினான்.

சனிக்கிழமை முடி வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அவனுடைய மேசை குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது. பின்னறையில் ஒரு கட்டில். சுவரில் ஒரு ஜெபமாலை. கட்டிலில் கைலியோடு உட்கார்ந்து, வாங்க மாப்ளே என்று வாய் நிறைய வரவேற்றார் மாமனார் வேதநாயகம். தீவுக்கு வெளியே, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கெப்பாலா பத்தாஸில் வடிகால் இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை. இங்கே ஜார்ஜ்டவுனில் ஆபரேஷன். மாமியார் கோழிகளை விட்டு வரமுடியாது என்று ஊரிலேயே இருந்துவிட்டார்.

டெஸ்மண்ட் மனைவியைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"நா எப்ப சரின்னேன்?"

"பொதன்கெழம. தலைய ஆட்டுனீங்க. கட்ட வெரல வேற தூக்குனீங்க."

"நீ சொன்னது ஒன்னுமே காதுல விழலயே."

"விழாமயே சரின்னு சொல்லுவாங்களா? எதயும் முழுசா பாத்துட்டுத்தான் சம்மதிப்பேன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

ஜூலியானா குரலை இறக்கினாள்.

"ஒரு மாசந்தாங்க. ஃப்ரீ டிரையல்னு வச்சிக்குங்களேன். புடிக்கலன்னா கேன்சல் பண்ணிடுங்க லா."

தன் தொழிலின் பாஷை மனைவியின் வாயில் வந்ததும் டெஸ்மண்ட் உருகிவிட்டான். அதோடு அவனுக்குள் இருந்த நிபுணனும் விழித்துக்கொண்டான். இலவச மாதம் என்பது மறதிக்காரர்களை நம்பி நடக்கும் வியாபாரம். அவன் மறப்பவனா? மாதம் முடிய ஒரு நாள் முன்னதாக மணி அடிக்கும்படி கைப்பேசியில் குறித்துக்கொண்டு, மனதுக்குள் சிரித்தபடி மாமனாருக்குத் தேநீர் ஆற்றப் போனான்.

முதல் வாரம் சிரிப்பு வரவில்லை. குளிர்பதனப் பெட்டி உறுமிய உறுமலில், நீங்கள் கப்பலிலிருந்தா பேசுகிறீர்கள் என்று வாடிக்கையாளர் கேட்டார். அதே சமயம் பின்னால் மாமனார் கைலியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தண்ணீர் எடுக்க வந்தார். வெளிநாட்டுக்காரர்கள் கையசைத்தார்கள். அவரும் கையசைத்தார். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் முதலில் அவரைத்தான் விசாரித்தார்கள்.

ஆனால் காலையில் பாசாருக்கு நடந்து போய் வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் தேங்காய்ச்சோறு வாங்கி வந்தவர் அவர்தான். பார்சல்காரன் வந்தால் வாசலுக்கு ஓடியதும், ஷார்லினைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்ததும் அவர்தான். வருஷக் கணக்கில் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை ஒரு மத்தியானத்தில் சரி செய்துவிட்டார். இதெல்லாம்கூடப் பெரிதில்லை. ஆபரேஷன் முடிந்து கண் பளிச்சென்று தெரிய ஆரம்பித்ததும், அவர் தன் கைப்பேசியில் கண்ணில் பட்ட பட்டனையெல்லாம் அழுத்தினார். எது கேட்டாலும் சரி என்றார். ஒரு வாரத்தில் அது நாள் முழுக்க டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. வானிலை கூப்பிட்டது, செருப்புக் கடை கூப்பிட்டது, ஜோசியர் கூப்பிட்டார்.

டெஸ்மண்ட் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் வாயையும் அடைத்தான். அப்படியே விளக்கமும் சொன்னான். இது ஏன் சிவப்பாக இருக்கிறது, அது ஏன் மறைந்து நிற்கிறது, எவன் எதற்காக இதை இப்படிக் கட்டினான் என்று. மாமனார் வாயைப் பிளந்து கேட்டார். அப்புறம் என்றார். அடப்பாவி என்றார். இத்தனை வருஷத்தில் டெஸ்மண்டிடம் 'அப்புறம்' என்று கேட்ட முதல் ஆள் அவர். சாயங்காலம் எப்போது வரும் என்று அவன் காத்திருக்கத் தொடங்கினான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

குறித்து வைத்த மணி அடித்தது. கொள்கை கொள்கைதான். கதவு கதவுதான். ஜூலியானா சமையலறை மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டெஸ்மண்ட் தொண்டையைச் செருமினான்.

"நாளையோட ஒரு மாசம் ஆவுது. கேன்சல்."

"சரிங்க," என்றாள் அவள், ஷார்லினின் பாவாடையை மடித்தபடி. "எதுக்குன்னு காரணம் சொல்லுங்க. அப்பா ரொம்ப சாப்புடுறாரா, ரொம்ப ஜெபம் பண்றாரா, இல்ல ஒங்களுக்கு என் மேல பாசம் கொறஞ்சிருச்சா?"

"இது மூனும் இல்ல."

"இந்த மூனுதான் இருக்கு."

அவன் ரொம்ப ஜெபம் என்பதைத் தேர்ந்தெடுத்தான். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். அப்பா போய்விட்டால் நாசி லெமாக் போய்விடும் என்றாள். பள்ளிக்கு நடு மீட்டிங்கில் அவன்தான் ஓடவேண்டும் என்றாள். பார்சல் பக்கத்து வீட்டு நோர்மாவிடம் போகும், அவள் அதில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் தரமாட்டாள் என்றாள். குழாயைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி அதை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

"பரவால்ல. கேன்சல்," என்றான் டெஸ்மண்ட். குரல் முதல் தடவை போல இல்லை.

"அப்ப அம்மாகிட்ட நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க. அஞ்சு மணிக்குள்ள பண்ணுங்க. அப்புறம் ஜெபத்துக்கு ஒக்காந்துடுவாங்க."

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் வரை மாமியார் மீது டெஸ்மண்டுக்கு அளவில்லாத அன்பு உண்டு. போனில் மட்டும் அவரிடம் அவன் ஒரு முறையும் ஜெயித்ததில்லை. இருந்தாலும் அழைத்தான். அடுப்பில் சோறு, இருங்க மாப்ளே என்று அவர் போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். தூரத்தில் அவர் மாதா பாட்டு ஒன்றை முணுமுணுப்பது கேட்டது. பாட்டு முடிந்து மறுபடியும் தொடங்கியது. நடுநடுவே கோழி கூவியது. திரும்பி வந்தவர், யாரு பேசறது என்றார். விஷயத்தைச் சொன்னான். அதெல்லாம் எனக்கென்ன தெரியும், மூத்த மகள் சிந்தியாவின் ஏற்பாடு என்றார். கோலாலம்பூரில் இருந்த சிந்தியாவை அழைத்தான். அதுக்குப் பொறுப்பு நான் இல்லையே, இருங்க, ஆளையே லைன்ல போடறேன் என்றாள் சிந்தியா.

அவனுக்கு நாலடி தள்ளி, மடித்த துணிகளுக்கு நடுவே ஒரு போன் அடித்தது. ஜூலியானா எடுத்தாள்.

"ஹலோ, வணக்கம். என்ன விஷயமா கூப்புடுறீங்க?" என்றாள், கிளினிக் குரலில்.

டெஸ்மண்ட் போனை வைத்தான். தான் கட்டிக் கொடுத்த பக்கங்களில் முட்டி மோதிக்கொண்டிருக்கும் முகம் தெரியாத மனிதர்களை முதல் முறையாக நினைத்துப் பார்த்தான். அவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. பிறகு, இடையில் இருப்பவர்களிடம் பேசிப் பயனில்லை, நேராக மாமனாரிடமே கேட்டுவிடுவோம் என்று வாசலுக்குப் போனான்.

வேதநாயகம் வாசல் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"மாப்ளே, நானே ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். தப்பா நெனைக்கப்படாது. என்ன எப்ப வீட்டுக்கு விடுவீங்க?"

டெஸ்மண்டுக்குப் புரியவில்லை.

"நீங்க நாள் பூரா ரூமுல தனியா ஒக்காந்து கம்பியூட்டர்கிட்ட பேசிக்கிட்டு இருக்கீங்க, பயமா இருக்குன்னு ஜூலி சொன்னா. ஆபரேஷன் முடிஞ்சதும் போறேன்னேன், ஒரு மாசம் இருந்து பாருங்கப்பா, புடிக்கலன்னா போயிடலாம்னா. நா ரெண்டு தடவ பேக்க கட்டிட்டேன். ஏன் போறீங்கன்னு கேக்குறா. போனா பேத்திய பாக்க முடியாது, அது முடியாது, இது முடியாதுன்னு அடுக்குறா. கடசில, மாப்ளகிட்ட நீங்களே பேசிக்குங்கன்னுட்டா. எனக்கு எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது மாமனார்தான். டெஸ்மண்டும் சிரித்தான். சிரித்து முடித்ததும் அவனுக்கு ஒன்று உறைத்தது. இவர் போய்விட்டால் சாயங்காலம் 'அப்புறம்' என்று யார் கேட்பார்கள்? கதவு கேட்காது. கதவைச் சாத்திக்கொண்டு பேசிய பேச்சையெல்லாம் இதுவரை யார் கேட்டார்கள்?

"மாமா, ஒங்களுக்குப் போகணும்னு இருக்கா?"

"இங்க நல்லாத்தான் இருக்கு லா. ஒங்க ரூம புடுங்கிக்கிட்டோமேன்னுதான் மனசு கேக்கல."

"அதெல்லாம் ஒன்னும் இல்ல மாமா. பிரிட்ஜு பக்கத்துலதான் காத்து நல்லா வருது. நீங்க எத்தன நாள் வேணும்னாலும் இருங்க."

சொல்லி முடித்ததும் அவனுக்கு உடம்பே லேசாகிவிட்டது. யாரும் அவனைத் தள்ளவில்லை. எந்தப் பட்டனும் முன்கூட்டி அழுத்தி வைக்கப்படவில்லை. தானாக, முழு அறிவோடு, தன் விருப்பப்படி எடுத்த முடிவு. ஜெயித்தவன் நடையில் அவன் சமையலறைக்குத் திரும்பினான். அவள் தந்திரமெல்லாம் அவனிடம் பலிக்கவில்லை என்றும், மாமாவை இருக்கச் சொன்னது முழுக்க முழுக்கத் தன் சொந்த முடிவு என்றும் அறிவித்தான்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றாள் ஜூலியானா. "அப்புறம் மாத்தக்கூடாது."

"நா சொன்னா சொன்னதுதான்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அம்மா, கோழியெல்லாம் பக்கத்து வீட்ல ஒப்படச்சிட்டு சாமானெல்லாம் கட்டுங்க. அவரு சரின்னுட்டாரு."

ஜூலியானா போனைக் கையால் பொத்திக்கொண்டு, பல்வலிக்காரர்களுக்கு வைத்திருக்கும் அதே சிரிப்போடு அவனைப் பார்த்தாள்.

"அப்பா டிரையல்தாங்க. ஃபுல் வெர்ஷன்லதான் அம்மாவும் வருவாங்க."