எலும்பு மஜ்ஜையும் நல்லி எலும்பு சூப்பும்

ஒரு துறையைப் பற்றி இணையத்தில் மேய்ந்துவிட்டு, அந்தத் துறைக்காரரிடமே போய் விவாதிக்கக் கூடாது. நான் போயிருக்கிறேன், அதுவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

விருதுநகரில் டீச்சராக இருந்த என் அக்காவுக்கு உடம்பில் ரத்தம் ஊறுவது நின்றுபோனது. கூடப்பிறந்தவர்களின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால்தான் பிழைப்பாள் என்றார்கள். ஒரு லேபில் பழைய முறைப்படி, உயிருள்ள ரத்த செல்லில் சீரம் என்கிற ரத்தத் தெளிநீரை விட்டுப் பார்த்து, நான் முழுப் பொருத்தம் என்றார்கள். சாத்தூர்ப் பட்டாசு கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கும் தம்பியின் ரத்தம், வெயிலில் போய்ச் சேர்வதற்குள் செல்கள் செத்து, முடிவு தெளிவில்லை.

"அவன் எதுக்கு? அதான் நான் இருக்கேன்ல" என்றேன்.

அக்காவுக்கு என் மஜ்ஜையைக் கொடுக்கப் போகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து சபை முன்னால் சாட்சியே சொல்லிவிட்டேன். (என் பேச்சைக் கேட்டு எனக்கே கண் கலங்கியது.) அன்று முதல் சபையார் வீடு வீடாக நல்லி எலும்பு சூப் அனுப்பினார்கள், என் மஜ்ஜை ஊற வேண்டுமாம். சட்டைப் பொத்தான் தெறிக்கும்வரை அக்காவுக்காகக் குடித்தேன்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவோ, டி.என்.ஏ. முறையில் எல்லாரையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார்.

"மேடம், அது செல்லையே நேர்ல விசாரிக்கிறது. இது ஜாதகம் பாக்குற மாதிரி. எது துல்லியம்?" என்றேன். (கிறிஸ்தவன் சொல்லக்கூடிய உவமை அல்ல. வேகத்தில் வந்துவிட்டது.)

"என்ன வேலை பாக்குறீங்க சார்?"

"சிவகாசில காலண்டர் பிரஸ்."

"பழைய டெஸ்ட் சிவப்புன்னு மட்டும் சொல்லும். எந்தச் சிவப்புன்னு இதுதான் சொல்லும்."

பக்கத்தில் இருந்த என் மனைவி சும்மா இருந்திருக்கலாம். "அரக்குச் சிவப்பு மை கேட்டா குங்குமச் சிவப்பு மை அனுப்பிட்டானுகன்னு லோடையே திருப்பி அனுப்புனீக. இங்கன மட்டும் எல்லாச் சிவப்பும் ஒண்ணா?"

முடிவு வந்தது. நான் மேலோட்டமாகத்தான் அக்காவோடு ஒத்துப்போனேன், நுணுகிப் பார்த்தால் வேறு. முழுப் பொருத்தம் தம்பிதான். அம்புட்டு சூப்பும் தப்பான எலும்புக்குள் போயிருந்தது.

தகவல் போன கையோடு பஸ் ஏறி வந்த தம்பி, என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, எந்த வார்டுல சேரப் போறீக? பிரசவ வார்டா?" என்றான்.

அக்கா பிழைத்தாள். இப்போது அவள் உடம்பில் ஓடுவது தம்பி கொடுத்த மஜ்ஜையில் ஊறிய ரத்தம். வகுப்பில்கூடக் குரல் உயர்த்தாதவள், வந்தவர் போனவர் முன்னால் என்னை வாருகிறாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "ஏலே, என்கிட்ட ஏன் கோவிச்சுக்கிடுத? பேசுனது நானில்ல, தம்பி ரத்தம்" என்கிறாள்.

தம்பியிடம் முறையிட்டேன். "சரக்கு டெலிவரி ஆன பெறகு கம்பெனி பொறுப்பில்லண்ணே" என்றான்.