முந்தானைக்குள்ள முடிஞ்ச கல்யாண ரேட்டு

அன்னைக்குக் காலையில பல்லு வெளக்குறதுக்கு முன்னாடியே விஜயபாண்டி சபதம் போட்டுட்டான்.

"எழுவதாயிரம். அதுல ஒத்த ரூவா கொறைச்சேன், மீசைய வழிச்சுருவேன்!"

"போன கல்யாணத்துக்கு வழிச்ச மீசையே இன்னும் மொளைக்கலையே மாமா," ன்னா பொண்டாட்டி முனீஸ்வரி.

போடியில ஸ்டுடியோ வச்சிருக்கான். போட்டோ எடுத்தா உசுரோட பேசும். ரேட்டு பேசத்தான் வாய் பேசாது. "மாப்ளே"ன்னு எவனாச்சும் தோள்ல கை போட்டா பத்தாயிரம் கொறைப்பான். "தங்கமே"ன்னா ஆல்பம் சும்மா. போன மூணு கல்யாணமும் கைநட்டம்.

"இதுவும் நட்டம்னா கேமராவ வித்துப்புட்டு எங்கய்யாகூட மாட்டுச் சந்தைக்குத் தரகுக்குப் போங்க. அங்கன யாரையும் சிரிங்க சிரிங்கன்னு கெஞ்ச வேண்டியதில்ல." முனீஸ்வரி சொன்னா சொன்னதுதான்.

அன்னைக்கு ரேட்டு பேச வீட்டுக்கு வந்தவரு சோணை. மாட்டு யாவாரத்துல சம்பாதிச்சு, குரங்கணிக்கு மேல ஏலத்தோட்டம் வாங்குன மனுசன். மகளுக்குக் கல்யாணம். கூடவே அவரு பொண்டாட்டி செல்லக்கிளி.

"ஏலச்செடிக்கு நடுவுல பொண்ண நிக்க வச்சு எடுக்கணும் மாப்ளே. மேல பறக்குற கேமராவும் வேணும்."

"எழுவ..."

"ச்சூ! ரேட்ட வாயாலயா சொல்லுவாக?" சோணை தோள்துண்ட எடுத்து அவன் கை மேல போட்டாரு. "சந்தை மொறை இதுதான். துண்டுக்குள்ள வெரலப் பிடி. வெரலுக்குப் பத்தாயிரம். கைய அடிச்சா முடிஞ்சுச்சு. பெறகு பேச்சு மாறக்கூடாது."

விஜயபாண்டிக்கு இந்த வித்தை தெரியாது. தெரியாதுன்னு சொல்ல ரோசம் விடல. கைய விட்டான். அவரு அஞ்சு வெரலையும் கப்புன்னு பிடிச்சான். இன்னும் ரெண்டு வெரலுக்கு எங்க போறது? முழிச்சான். சோணை அவன் உள்ளங்கையில லேசாச் சொறிஞ்சாரு. வெடுக்குன்னு ஒரு வெரல விட்டான்.

"அட, நீயே ஒண்ணக் கொறைச்சுட்டியே! தங்கமான புள்ள!"

"ஐயோ மச்சான், அது கூச்சம்!"

"எங்கிட்ட என்ன மாப்ளே கூச்சம்?"

வேர்வையில இன்னொண்ணும் வழுக்கிருச்சு. மூணு. மலையேறுற ஜீப்புக்கும் பறக்குற கேமராக்காரனுக்குமே நாலு வேணும்! சோணை அடிக்கக் கைய ஓங்கிட்டாரு. விஜயபாண்டி கண்ணுக்குள்ள ஒரு செவலக்காளை வந்து நின்னு பெருமூச்சு விட்டுச்சு.

"அண்ணே, கைய எறக்குங்க!" காப்பித் தட்டோட முனீஸ்வரி. "மாட்டுக்கு ஆம்பளைக பேசுங்க. இது பொண்ணு கல்யாணம். மதினி, கையக் கொண்டாங்க."

"பொம்பளைகளுக்கு இது வராது தாயி," ன்னாரு சோணை.

"வராதா?" செல்லக்கிளி சிலுப்பிக்கிட்டு எந்திரிச்சா. "இருவது வருசமாத் தூக்கத்துல என் வெரலப் பிடிச்சுல்ல மாட்டு வெல பேசுறீக! எனக்கா வராது?"

முனீஸ்வரி முந்தானைய விரிச்சுப் போட்டா. உள்ள ரெண்டு கையும் போச்சு. வளையல் சத்தம் மட்டும் வெளிய வருது. செல்லக்கிளி புருவம் ஏறுது. முனீஸ்வரி ஒதட்டக் கடிக்கிறா. சோணை கழுத்த நீட்டுனாரு.

"எட்டிப் பாக்காதீக!" ன்னா செல்லக்கிளி.

பட்டுன்னு ஒரு அடி. முடிஞ்சுச்சு. ரெண்டு பொம்பளைகளும் கெக்கெக்கேன்னு சிரிக்காக.

"எவ்வளவு?" ஆம்பளைக ரெண்டு பேரும் ஒரே குரல்ல கேட்டாக.

"துணிக்குள்ள பேசுனத வெளிய சொல்லலாமாண்ணே? உங்க மொறைதான?"

சோணை சட்டைப் பையப் பொத்திக்கிட்டே படியெறங்குனாரு.

விஜயபாண்டி அடுப்படிக்கு ஓடுனான். "ஏத்தா, நட்டமில்லைல்ல?"

"இல்ல மாமா."

"கேமரா?"

"விக்க வேணாம்."

"மாட்டுச் சந்தை?"

"போக வேணாம்."

"எங்கண்ணு! அப்ப எவ்வளவுக்கு முடிச்சேன்னு காதுக்குள்ளயாச்சும் சொல்லு!"

"அது மொதலாளிமாரு விசயம் மாமா. நீங்க வெரசாப் போயி குரங்கணி ஜீப்பப் பேசிட்டு வாங்க. சோலி முடிஞ்சதும் உங்க கூலிய நான் போட்டுத் தர்றேன்."