தாராளத் திட்டம்

உலகம் சூரியனைச் சுற்றுகிறது என்பது பழைய செய்தி, கண்ணுகளா. காற்றாடியைச் சுற்ற வைப்பது காற்றல்ல, கூட்டத் தீர்மானமே என்பது மேன்மைமிகு மேலாளர் கண்டுபிடித்த புதிய உண்மை.

அவருடைய ஆலையில் பவர் மாட்யூல் செய்தார்கள். உள்ளங்கை அகலப் பெட்டி. காற்றாடியிலிருந்து தாறுமாறாக வரும் மின்சாரத்தை அடக்கி, ஒழுங்காக்கி அனுப்பும். அடக்குகிறவனுக்குச் சூடு ஏறாமலா இருக்கும்? அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அடியில் ஓர் அலுமினியக் கட்டை. இரண்டுக்கும் நடுவே வெள்ளைப் பசை, மெல்லிசாக.

மெல்லிசாகத் தடவுவதில் ஒருத்திக்கு நிகர் கிடையாது. கண்ணாடியில் பட்ட மூச்சு மாதிரி தடவுவாள். அதனால் பெயர் "பிசினாரி அக்கா". ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தர உத்தரவு மேலாளர் மேசையில் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது.

ஒருநாள் மேலாளர் அவள் பக்கம் எழுந்தருளினார்.

"என்னம்மா, பசையே கண்ணுல படல?"

"படக் கூடாது சார். அப்பி வச்சா கம்பளி போத்தின மாதிரி. சூடு வெளிய போகாது."

"வாங்குறவங்க நம்மளக் கஞ்சன்னு நினைக்க மாட்டாங்களா?"

மூன்று கூட்டம் நடந்தது. முந்தைய மூன்றையும் பாராட்டிய நான்காவது கூட்டத்தில் "தாராளத் திட்டம்" நிறைவேறியது: இனி பசை பத்து மடங்கு! ஆலைக்கே மின்சாரம் தரும் பன்னிரண்டு காற்றாடிகளில் வெள்ளோட்டம்.

பன்னிரண்டில் ஒரு மாட்யூல் அக்கா கைக்கு வந்தது. உள்ளே பழையபடி மெல்லிசாகத் தடவினாள். வெளி விளிம்பில் மட்டும் கொழுக்கக் கொழுக்க அப்பினாள்.

"அக்கா, மாட்டிக்கிட்டா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"கையெழுத்து போகும்டி. அதுக்காக எரியும்னு தெரிஞ்சே செய்யச் சொல்றியா?"

மேலாளர் விளிம்பைப் பார்த்துப் பூரித்தார். "இதாம்மா தாராளம்!"

பத்தே நாளில் பதினொரு மாட்யூல் கருகிப் பதினொரு காற்றாடி நின்றது. ஒன்று மட்டும் வெட்கமில்லாமல் சுற்றியது. அதைக் கழற்றிப் பிரித்தார்கள்; குட்டு உடைந்தது. ஜன்னல் இல்லாத கூட்ட அறையில், ஒற்றை பல்பின் கீழ் விசாரணை.

"பதினொண்ணும் திட்டப்படி எரிஞ்சிருக்கு. உன்னுது மட்டும் ஏன் எரியல?"

"ஓடுதே சார்..."

"பேச்ச மாத்தாத!"

மேலாளர் கருணைக் கடல். காகிதத்தை வீணாக்காமல், அதே உத்தரவில் "நியமனம்" என்பதை அடித்து "நீக்கம்" என்று எழுதினார். "நிரந்தர"த்தில் கை வைக்கவில்லை. ஆறு வருடம் காத்திருந்த கையெழுத்து அவளுக்குக் கிடைத்தே விட்டது.

பிறகு பன்னிரண்டாவது மாட்யூலையும் தாராளமாகத் திருத்தி மாட்டினார்கள். சில நாளில், அதே கூட்ட அறையில் திட்ட அறிக்கையை வாசித்துக்கொண்டிருக்கையிலேயே பல்பு அணைந்தது.

"இன்னும் எங்கயாவது விதிமீறல் மிச்சம் இருக்கா?" என்றது மேலாளர் குரல்.

"இல்லீங்க சார். பன்னெண்டும் திட்டப்படி!"

இருட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். அதில் எது கையெழுத்துப் போட்ட கை என்று இனி யாராலும் அடையாளம் காட்ட முடியாது.