ஒரு சொட்டுத் தண்ணீரில் அழிந்த பவள இனம்

நடந்தது இவ்வளவுதான்:

1. ஆயுத பூசைக்கு ஈப்போவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனேன்.
2. ஆய்வகத்தில் சுத்தம் செய்து காயவைத்த பவளத் துண்டு ஒன்றையும் டப்பாவில் எடுத்துப் போனேன். (லீவிலும் ஆராயலாம் என்று. முறுக்கு தின்றதோடு சரி.)
3. ஆய்வகம் இருக்கும் லூமுட்டுக்குத் திரும்பியதும், உலகில் யாருமே பார்த்திராத பவள இனத்தைக் கண்டுபிடித்தேன்.
4. அந்த இனம் ஒரு சொட்டுத் தண்ணீரில் அழிந்துபோனது.

அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை. பங்கோர் கடலில் எடுத்த அந்தத் துண்டு எந்த இனம் என்று நான் சரியாகச் சொல்வதைப் பார்த்துத்தான் ஆய்வகத் தலைவரான மேடம் முடிவெடுப்பதாக இருந்தார்.

பாறைமேல் தோசை மாதிரி ஒட்டிப் படரும் பவளம் அது. அந்த வகையெல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சதையை நீக்கி, வெள்ளைக் கூட்டிலுள்ள குட்டிக் குழிகளை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனம் பிரிக்க முடியும். குழியின் நடுவில் முள் முள்ளாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இதிலோ குழிகள் எல்லாம் வழுவழுவென்று அடைத்திருந்தன. எந்தப் புத்தகத்திலும் இல்லாத அடையாளம். (புது இனத்துக்குத் தன் பெயரைத் தானே வைப்பது அழகில்லை. அதனால் அம்மா பெயரை வைப்பதென்று முடிவு செய்துவிட்டேன்.)

மேடத்தை அழைத்து நிதானமாக விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அடைப்பு கரைந்து ஓடியது. துண்டை மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனம் மணக்குது. பூசைக்கு வீட்டுக்குப் போனீரோ, பிள்ளை?" (மேடத்தின் குடும்பம் யாழ்ப்பாணம்.)

பக்கத்து மேசை சிவா அண்ணே தலையைத் தூக்கவில்லை. "பக்தியான இனம்லா," என்றார்.

வெளியே போய் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ம்மா, பூசையில என் டப்பாவத் தொறந்தீங்களா?"

"நீதானே வேலை சாமானெல்லாம் சாமிகிட்ட வைக்கச் சொன்ன? லேப்டாப்புக்குப் பொட்டு வச்சேன், அந்தக் கல்லுக்கும் சந்தனம் பூசுனேன். அப்புறம் நல்லா தொடச்சிட்டேன்லா. ஏன், வேலை நிரந்தரமாயிருச்சா?"

மேலே துடைத்திருக்கிறார். குழிக்குள் இருந்ததை யார் துடைப்பது?

மேடம் என் தகுதிகாண் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். இன்றும் வீட்டில் சட்டி அடிப்பிடித்தால் அப்பா, "தேய்க்காதீங்க, மக வந்து பேரு வைக்கட்டும்," என்கிறார்.

துண்டைக் கழுவிப் பார்த்தபோது முட்கள் இருந்தன. லெப்டாஸ்ட்ரியா என்ற சாதாரணப் பேரினப்பெயர் மட்டும் உறுதி, முழுப்பெயர் இன்னும் கிடைக்கவில்லை. தெரிந்ததை மட்டும் சொன்னதே போதும் என்று மேடம் என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார். ஆயுத பூசைக்கு ஆய்வகத்திலிருந்து டார்ச் லைட் மட்டும் வீட்டுக்குப் போகிறது.