ஏ பிளாக் மீட்டர்

காலை ஆறு மணிக்கு நோட்டும் பேனாவுமாக மீட்டர் அறைக்குள் போன பாலகோபால், போன வேகத்திலேயே திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சுங்க?" என்று ஓடி வந்தார் வாட்ச்மேன் பாலுசாமி.

"நேத்து லிப்ட்டையே நிறுத்திப்போட்டேன். அப்பிடியும் நாப்பது யூனிட் ஓடியிருக்குது! லிப்ட் ஓடுனப்பவே முப்பத்தஞ்சுதான்!"

பீளமேட்டில் ஒரே காம்பவுண்டுக்குள் ஏ, பி என்று இரண்டு கட்டடங்கள். ஒட்டிப் பிறந்த மாதிரி, மொட்டை மாடி மட்டும் ஒன்று. மில்லில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆன பாலகோபாலுக்கு, வீட்டில் இரண்டாவது காபிக்கே மனுப் போடவேண்டிய காலத்தில், பொங்கலன்று ஏ பிளாக் செகரெட்டரி பதவி கிடைத்தது. படியில் வருகிறவர்கள் ஒதுங்கி நின்று வணக்கம் சொன்னார்கள். அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

அன்றைக்கே மீட்டர் அறைக்கு வெள்ளையடிக்கச் செய்தார். உள்ளே இருந்த இரண்டு பொது மீட்டர்களுக்கும் மேலே ஏ, பி என்று தன் கையாலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதினார். அப்புறம் மீட்டிங் போட்டு, பொதுக் கரண்ட் செலவை இரண்டு மாதத்தில் பாதியாக்காவிட்டால் ராஜினாமா என்று சத்தியம் செய்தார். அவரை யாரும் சத்தியம் செய்யச் சொல்லவில்லை.

ஏ பிளாக் ஜனங்கள் தங்கமானவர்கள். எதற்கும் எதிர்ப்பேச்சு கிடையாது. லிப்ட்டை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, "செஞ்சுபோடலாமுங்க" என்றார்கள். மறுநாளிலிருந்து பி பிளாக் லிப்ட்டில் மொட்டை மாடிக்குப் போய், அங்கிருந்து இந்தப் பக்கப் படியில் இறங்கி வீடு சேர்ந்தார்கள்.

பாலகோபாலுக்கு இது தெரியும். "போகட்டும். அவங்க கரண்ட்டுதானே!" என்று மனைவி பாவாத்தாளிடம் சொல்லிச் சிரித்தார்.

அடுத்து, படி விளக்குகளைக் கழற்றினார். "சரிங்க" என்றார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பி பிளாக் படிக்குக் குடிபோனார்கள். மீட்டர் நாற்பத்தைந்து காட்டியது.

பொது ஹாலைப் பூட்டினார். உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்துகொண்டிருந்த சமயம். "அதுக்கென்னங்க" என்று எல்லோரும் பி பிளாக் ஹால் டிவி முன்னால் போய் உட்கார்ந்தார்கள். ஐம்பத்திரண்டு.

தண்ணீர் மோட்டாரைத் தினம் பத்து நிமிஷம் என்று குறைத்தார். பெண்கள் குடத்தோடு பி பிளாக் குழாய்க்குப் போனார்கள். ஐம்பத்தெட்டு.

அதைவிட அதிர்ச்சி, பக்கத்திலிருந்த பி மீட்டர். அதன் சக்கரம் பேருக்குத்தான் அசைந்தது.

"ஊரே அங்க கெடக்குது. மீட்டரு தூங்குதே!" பாலகோபால் இரண்டு மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பி பிளாக் செகரெட்டரி மைதீன் பிச்சை, பெரிய கடை வீதியில் பாத்திரக் கடைக்காரர். அன்று மாலை அவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"ஏனுங்க, ஒரு சின்ன விசயமுங்க. அந்த மீட்டரு…"

"எங்க ஆளுக வந்தா உங்க கரண்ட்டு செலவாகுதுன்னு சொல்ல வந்தீங்களா பாய்? பளிச்சுன்னு சொல்லிப்போடுங்க!"

"அய்யய்யோ! வந்தவங்கள வேண்டாம்பமுங்களா? எங்க வீட்டுக்காரி மெஹராஜ் அத்தன பேருக்கும் டீ போட்டுட்டிருக்குது. நான் போய் டம்ளரு கொடுக்கோணும், வாரேனுங்க." மைதீன் பிச்சை வந்த விஷயத்தைச் சொல்லாமலே போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் பாலகோபால், கீழ்வீட்டில் இருக்கும் மோட்டார் மெக்கானிக் சென்னகிருஷ்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் மீட்டரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"லீக்கேஜுங்ணா. கரண்ட்டு செவுத்துல எறங்குது."

"இப்ப என்ன பண்றது?"

"ஆரும் செவுத்தத் தொடக்கூடாதுங்ணா."

'சுவரைத் தொடாதீர்கள், உயிருக்கு ஆபத்து' என்று நோட்டீஸ் எழுதினார் பாலகோபால். அதைச் சுவரில் ஒட்டும் தைரியம் யாருக்கும் இல்லாததால், கேட்டில் கட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் ஏ பிளாக் மொத்தமும் பாய் தலையணையோடு பி பிளாக் ஹாலுக்கு இடம் மாறியது.

பாவாத்தாளும் கிளம்பினாள்.

"அம்மணி, நீயுமா?"

"பின்னென்னங்க? அங்க நாலு ஃபேன் ஓடுது. பாய் மக ரிஃபத் நமக்குன்னு எடம் போட்டு வெச்சிருக்குதாம். வந்து படுங்க."

மறுநாள் மீட்டர் எழுபத்தொன்று காட்டியது.

இரண்டு மாதக் கெடு முடிந்தது. ஏ பிளாக் மீட்டிங்கும் பி பிளாக் ஹாலில்தான் நடந்தது. பாலகோபால் எழுந்து நின்றார். ராஜினாமாவைப் படிக்கையில் குரல் உடைந்தது. நிஜமாகவே துக்கம். ஆனாலும் மனசுக்குள் ஒரு நம்பிக்கை. இத்தனை நல்ல ஜனங்கள் விட்டுவிடுவார்களா? கையைப் பிடித்துத் தடுக்கமாட்டார்களா?

"ஆகவே, பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று முடித்து, எல்லார் முகத்தையும் பார்த்தார்.

"செஞ்சுபோடலாமுங்க" என்றார்கள் எல்லோரும், ஒரே குரலில்.

பாலகோபால் அப்படியே நாற்காலியில் சரிந்தார். அடுத்த நிமிஷம் சென்னகிருஷ்ணன் புது செகரெட்டரி. கைதட்டல் வேறு. பாவாத்தாளும் தட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் மைதீன் பிச்சை ஒரு டம்ளர் டீயை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"தப்பா எடுத்துக்கப்படாதுங்க. பொங்கலன்னைக்கே மீட்டருக்கு மேல ஏ, பி ரெண்டையும் நீங்க மாத்தி எழுதிப்போட்டீங்க. அத்தன ஆசையா எழுதறவர்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் இத்தன நாளா சும்மா இருந்துட்டேனுங்க."