டவல் சாரும் ஜெலட்டின் ரூமும்

புனேயில் பெய்கிற மழை மொத்தத்தையும் தன் சொந்தப் பகையாளியாக நினைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். எங்கள் டவல் சார்.

தொண்ணூறுகளில் நான் கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகிப் புனே போய், அங்கே சிஞ்ச்வட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். மருந்து அடைக்கிற காலி கேப்ஸ்யூல் செய்யும் கம்பெனி. அந்தக் கூடு ஜெலட்டினில் ஆனது. ஜெலட்டின் பொடி இருக்கிறதே, காற்றில் ஈரம் இருந்தால் போதும், குடித்துவிட்டுக் கட்டி தட்டிப்போகும். அப்புறம் எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்ற கணக்கே தப்பிவிடும். ரூம் காற்றில் ஈரம் ஏறினாலோ, அச்சில் எடுத்த கூடு காயாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த ரூமுக்குப் பொறுப்பாளர்தான் நம்ம ஆள். திருநெல்வேலிக்காரர், ஐம்பது தாண்டியவர், தோளில் எப்போதும் வெள்ளை டவல்.

வாசலில் நின்று ஒவ்வொருத்தரிடமும் டவலை நீட்டி, துடைத்த பிறகுதான் உள்ளே விடுவார். இத்தனை வருஷம் புனேயில் இருந்தும் மராத்தியில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'கோரடா'. காய்ந்திருக்கா என்று அர்த்தம். குடை, டீ கிளாஸ், ஈரக் கைக்குட்டை எதுவும் உள்ளே போகாது. ஜலதோஷம் பிடித்த ஆபரேட்டரை, தும்மி முடித்துவிட்டு வா என்று அரைநாள் வெளியே நிற்க வைத்தார். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுப் போனால் நான் தொலைந்தேன்.

"ஏ பிள்ள, சடையில சொட்டுது. போயி வெயில்ல நில்லு."

"ஜூலை மாசத்துல வெயிலுக்கு நான் எங்கீங்க சார் போவேன்?"

"அப்பம் லீவு போடு."

உள்ளே இன்னும் மோசம். பொடியைத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லச் சூடேற்றிக் கரைத்து, குமிழியெல்லாம் அடங்கும்வரை சும்மா விடவேண்டும். யாராவது அவசரப்படுத்தினால், "கொதிக்க வச்சா அதுல உயிரே இருக்காதுய்யா" என்று சண்டைக்கு வருவார். நான் அவரைத் திட்டாத நாள் கிடையாது.

அவருடைய மகன் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அந்த ரூமை விட்டால் அந்த வயதில் அவருக்கு யார் வேலை தருவார்கள்? இது அவருக்கும் தெரியும், முதலாளி சேட்டுக்கும் நன்றாகவே தெரியும்.

மழைக்காலத்தில் சிராவண மாதம் பிறந்தால் அங்கே எங்கு பார்த்தாலும் சத்தியநாராயண பூஜை. அந்த வருஷம் சேட் அதை ஜெலட்டின் ரூமிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். லாபம் வருகிற இடம் அதுதானாம். அப்போதுதான் வெட்டிய வாழைக்கன்று, கலசத்தில் தண்ணீர், நனைத்த பூ, ஆவி பறக்கிற ஷீரா என்கிற ரவா கேசரி, கம்பெனி மொத்தத்தின் மூச்சு. டவல் சார் வாசலில் குறுக்கே நின்றுவிட்டார்.

"பகவான் ஒரு மணி நேரம் வந்துட்டுப் போறாரு. அதுக்குக்கூடவா உங்க பொடி பொறுக்காது?" என்று சேட் இந்தியில் கேட்டார்.

"பகவான் வரட்டும் சேட். தண்ணிய வெளிய வச்சுட்டு வரட்டும்" என்றார் இவர்.

அந்த நேரம் பார்த்து, குழாயடியில் கால் கழுவிக்கொண்டு பக்தியோடு வந்து சேர்ந்தார் சேட்டம்மா. இந்த மனுஷன் பழக்கதோஷத்தில் டவலை நீட்டி, "கோரடா?" என்றார்.

சேட் அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போனார். பூஜை அமோகமாக நடந்தது. ஷீரா பிரமாதம், பொய் சொல்லக்கூடாது. சாயங்காலம் பார்த்தால் கூடுகள் வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒட்டிக் கிடந்தன. சரக்கு மொத்தமும் குப்பை.

"நல்ல நாளும் அதுவுமா அபசகுனமா வாய வச்சீங்க, அதான்" என்றார் சேட். படித்த மனிதர், கூசாமல் சொன்னார். இப்போது நினைத்தாலும் வயிறெரிகிறது. சேட்டம்மாவிடம் மன்னிப்புக் கேட்டால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் கிளம்பவேண்டியதுதான் என்று உத்தரவு.

"ஒரே ஒரு வார்த்தைதானுங்க சார். பையன் படிப்பை நெனச்சுக்குங்க" என்று கெஞ்சினேன்.

"கேட்டுட்டாப் போச்சு. நான் என்ன ராசாவா?"

கேட்கவும் செய்தார். கைகூப்பி, தலைகுனிந்து, சுத்தமான இந்தியில் கேட்டார். சேட்டம்மாவும் பெரிய மனது பண்ணித் தலையாட்டினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. கதவுவரை போனவர் திரும்பினார்.

"ஆனா கால் ஈரந்தான் மேடம்."

அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்தவர் ரொம்ப நல்லவர், யாரையும் தடுக்காதவர், ஈரக் குடையை உள்ளேயே விரித்து வைக்கச் சொல்பவர். சேட்டுக்கு அவரை அவ்வளவு பிடித்தது.

கொஞ்ச நாள் கழித்து லேபுக்கு ஒரு எஸ்.டி.டி. கால். திருநெல்வேலியிலிருந்து டவல் சார். வேறு வேலை கிடைத்ததா என்றேன், பையன் எப்படி இருக்கிறான் என்றேன்.

"ஏ பிள்ள, பொடி எப்படி இருக்கு?"

ஜன்னலுக்கு வெளியே, கட்டி தட்டிப்போன ஜெலட்டினை மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மணல் மாதிரி உதிருதுங்க சார்" என்றேன்.

"அப்பம் சரி" என்று போனை வைத்தார்.